பத்துக் கட்டம், ஒரு பொத்தான்: சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் பழக்கும் பலகை விளையாட்டுகள்

மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்காகப் பலகை விளையாட்டு ஒன்று தேடத் தொடங்கினால், பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளே தலைசுற்ற வைத்துவிடும். மூளை வளர்ச்சி, கற்றல் திறன், நினைவாற்றல் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மடக்கு அட்டை, நான்கு காய்கள், ஒரு பகடை. அந்த அட்டை தானாக எதையும் சொல்லித்தராது. காய் நகரும்போது பிள்ளையின் வாய் என்ன சொல்கிறது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் அதைக் கேட்டு என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் கடையில் வாங்குவதைப் பற்றிக் கட்டுரையின் கடைசியில்தான் பேசப்போகிறேன். முதலில் வீட்டில் கிடக்கும் அட்டையை எடுத்து நாமே செய்து ஆடிப் பார்ப்போம். செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சொந்தமாகச் செய்த பலகையைப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ப வாராவாரம் மாற்றிக்கொண்டே போகலாம். வாங்கிய பலகையில் அது முடியாது.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை

"ஒன்றிலிருந்து இருபது வரை கடகடவென்று சொல்லுவான்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஒரே அளவான ஐந்து பெரிய பொத்தான்களைத் தரையில் வரிசையாக வைத்து எண்ணச் சொல்லிவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு எண் என்று விரல் நிற்கிறதா, அல்லது வாய் விரலை முந்திக்கொண்டு ஓடுகிறதா? எண்களின் வரிசை ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வருகிறதா? எண்ணி முடித்தபின் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் "ஐந்து" என்று பதில் வருகிறதா, அல்லது மறுபடியும் ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து தொடங்குகிறதா? கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரிந்ததுபோல் இருக்கிறது. உண்மையில் அது பிள்ளை தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி. ரோச்சல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுதலின் அடிப்படை விதிகள் என்று ஐந்தை வகுத்தார்கள். நீங்கள் இப்போது பார்த்தவை அவற்றில் முதல் மூன்று.

அடுத்து, பொத்தான்களைக் குவித்து வைத்து "எனக்கு மூன்று எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். இருபது வரை ஒப்பிக்கும் பிள்ளை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் வியப்படைய வேண்டாம். இன்னும் அந்தப் படி வரவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பலகையைச் சற்றுத் தள்ளிவைத்து, புள்ளி அட்டைகளில் தொடங்குங்கள். சின்ன அட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிய புள்ளிகள் வைத்துக் கவிழ்த்துப் போட வேண்டும். ஒன்றைத் திருப்பி, அதில் எத்தனை புள்ளியோ அத்தனை பொத்தானை அதன்மேல் வைக்க வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். மூன்று வரை கண்ணாலேயே பிடித்துவிடலாம் என்பதால் சீக்கிரம் கைவரும். பிறகு நான்கும் ஐந்தும் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்துக் கட்டப் பலகை

பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் ஐந்து ஐந்து செ.மீ. விட்டுவிட்டு, நடுவில் மீதமிருக்கும் 50 செ.மீ. நீளத்தைப் பத்துச் சமக் கட்டங்களாகப் பிரியுங்கள். இடது முனையில் 'தொடக்கம்', வலது முனையில் 'வீடு'. கட்டங்களில் இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை, கட்டம் நிறையும் அளவுக்குப் பெரிதாக எழுத வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் வேறு வண்ணம் தீட்டலாம். பூ, பட்டாம்பூச்சி, முயல் என்று படம் வரைந்து நிரப்பும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கட்டத்தில் முயல் இருந்தால் பிள்ளை முயலைத்தான் பார்க்கும், 7 என்ற எண்ணைப் பார்க்காது. அலங்காரமெல்லாம் ஓரத்தில் இருக்கட்டும்.

பகடைக்குப் பதிலாக ஒரு சுழலி செய்யுங்கள். வட்ட அட்டையின் நடுவே ஒரு கோடு, ஒரு பாதியில் 1, மறுபாதியில் 2. வட்டத்தின் மையத்தில் ஒரு பேப்பர் கிளிப்பை வைத்து, அதன் வளைவுக்குள் பென்சில் முனையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு கிளிப்பைச் சுண்டிவிட்டால் அது சுழன்று ஒரு பக்கம் நிற்கும்.

ஆறு முகப் பகடை ஏன் வேண்டாம்? பத்துக் கட்டத்தில் அதை உருட்டினால் மூன்று நான்கு முறையில் ஆட்டம் முடிந்துபோகும். ஒன்றும் இரண்டும் மட்டும் விழுந்தால் வீடு போய்ச் சேரச் சராசரியாக ஏழு முறை ஆகும். ஏழு முறை சுழற்றல், ஏழு முறை "இப்போது எங்கே நிற்கிறாய்?" என்ற பேச்சு. அதோடு, ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியது ஒன்றோ இரண்டோ எண்கள்தான் என்பதால் பிள்ளை களைப்பதில்லை.

இந்தப் பலகை என் கண்டுபிடிப்பு இல்லை. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளோடு ஆடி, 2008-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தியது ஏறக்குறைய இதுதான். இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள், அமர்வுக்கு 15 முதல் 20 நிமிடம். அவ்வளவிலேயே எண்களை அடையாளம் காண்பது, எண்ணுவது, இரண்டு எண்களில் எது பெரிது என்று சொல்வது, ஒரு கோட்டின்மேல் எண்ணின் இடத்தைக் காட்டுவது ஆகிய நான்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் தங்கியிருந்தது. வேறொரு குழுவுக்கு அதே பலகையை எண் இல்லாமல் வெறும் வண்ணங்களோடு கொடுத்தார்கள். அவர்களிடம் அந்த முன்னேற்றம் வரவில்லை. பிறகு நேர்ப் பலகையையும் வட்டப் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நேர்ப் பலகையே மேல் என்று தெரிந்தது. காரணம் எளிது. நேர்க்கோட்டில் எட்டாம் கட்டம் நான்காம் கட்டத்தைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே போக இரண்டு மடங்கு நகர்த்த வேண்டும், இரண்டு மடங்கு எண்களைச் சொல்ல வேண்டும், நேரமும் அப்படியே. எட்டு என்றால் எவ்வளவு என்பதைக் கண், கை, வாய் மூன்றும் ஒரே சமயத்தில் உணர்கின்றன. வட்டத்தில் பத்தும் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே இந்தச் செய்தி கலைந்துபோகிறது.

காயை நகர்த்தும்போது சொல்ல வேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். பிள்ளையின் காய் ஐந்தில் நிற்கிறது. சுழலியில் 2 விழுகிறது. நாம் பழக்கதோஷத்தில் "ஒன்று, இரண்டு" என்று சொல்லித்தான் காயை நகர்த்துவோம். அப்படிச் சொன்னால் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அங்கே எதை எழுதியிருந்தாலும் ஒன்றுதான். சொல்ல வேண்டியது "ஆறு, ஏழு". காய் எந்தக் கட்டத்தைத் தொடுகிறதோ அந்தக் கட்டத்தின் எண்ணை வாய் சொல்ல வேண்டும். 2014-இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் நூறு வரை உள்ள பலகையில் சற்றுப் பெரிய பிள்ளைகளை வைத்து இந்த இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். நிற்கும் இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணியவர்களே அதிகம் கற்றார்கள். ஒரே பலகை, ஒரே காய், ஒரே நேரம். வேறுபாடு வாயில் வந்த சொல்லில் மட்டும்தான்.

முதல் சில நாள்கள் பிள்ளைக்கு இது வராது. நடப்பது இப்படி இருக்கும்:

"என்ன விழுந்தது?"

"ரெண்டு!"

"எந்தக் கட்டத்தில் நிற்கிறாய்?"

"அஞ்சு."

"சரி, தாவு."

"ஒண்ணு…"

இங்கே "தப்பு" என்று சொல்லாதீர்கள். அடுத்த கட்டத்தின்மேல் உங்கள் விரலை வைத்து, "இந்தக் கட்டத்தின் பெயர் என்ன?" என்று கேளுங்கள். எழுதியிருப்பதைப் பார்த்து "ஆறு" என்று வரும். தெரியாவிட்டால் நீங்களே சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைத்துக் காயை நகர்த்த விடுங்கள். உங்கள் முறை வரும்போது நீங்களும் அப்படியே உரக்கச் சொல்லி நகர்த்துங்கள். பிள்ளை கற்பதில் பாதி உங்கள் முறையில்தான் நடக்கிறது. அதனால்தான் பெரியவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு காயை மட்டும் நகர்த்தும் ஆட்டத்தில் ஒன்றும் ஏறுவதில்லை.

இன்னொரு பிழை எல்லாப் பிள்ளைகளிடமும் வரும். நிற்கும் கட்டத்தையே முதல் எண்ணாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஐந்தில் நின்றுகொண்டு 2 விழுந்தால் "ஐந்து, ஆறு" என்று சொல்லி ஆறில் நிறுத்திவிடுவார்கள். இதற்கு நீண்ட விளக்கம் உதவாது. தரையில் கட்டம் வரைந்து பிள்ளையையே காயாக நிறுத்துங்கள். தாவாமல் எண்ண முடியாது என்பது காலுக்கு உடனே புரிந்துவிடும். பிறகு பலகையில் காயையும் அதே மாதிரி தாவ வைக்கலாம். காயை அட்டையின்மேல் இழுத்துக்கொண்டே போகும் வழக்கமும் இதனால் நின்றுபோகும்.

வீடு சேர எண் சரியாக விழ வேண்டும் என்ற விதியை இந்த வயதில் வைக்காதீர்கள். ஒன்பதில் நிற்கும் காய்க்கு எது விழுந்தாலும் பத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகட்டும்.

பத்துக்கு மேல்

பத்துக் கட்டம் சலித்துப்போகும் நாள் வரும். "எனக்கு எல்லாம் தெரியும்" என்ற அலட்சியம் முகத்தில் தெரிந்ததும் இன்னொரு அட்டையை வெட்டிப் பதினொன்று முதல் இருபது வரை எழுதி வலது பக்கம் ஒட்டிவிடுங்கள். வளைக்காமல் நேராகவே ஒட்டுங்கள். சுழலியில் 3-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். 18-க்கு அடுத்துப் பிள்ளை "பதினொன்பது" என்று சொல்லும். பதினேழு, பதினெட்டு என்று வந்தால் அடுத்தது பதினொன்பதாகத்தானே இருக்க வேண்டும்? விதியைப் புரிந்துகொண்ட பிள்ளைதான் இப்படிச் சொல்லும். சிரிக்காமல் "பத்தொன்பது" என்று சொல்லி ஆட்டத்தைத் தொடருங்கள். முப்பது வரை போகும்போது "இருபத்துப்பத்து" என்றும் ஒன்று வரும். அதற்கும் இதே வைத்தியம்தான்.

பாம்பும் ஏணியும் உள்ள நூறு கட்டப் பலகையைப் பற்றிக் கேட்பார்கள். நல்ல ஆட்டம், ஆனால் மூன்று நான்கு வயதுக்கு இல்லை. கட்டங்கள் ஒரு வரிசையில் வலப்பக்கம் போய் அடுத்த வரிசையில் இடப்பக்கம் திரும்புகின்றன. எந்தப் பக்கம் போவது என்பதிலேயே பிள்ளையின் கவனம் செலவாகிவிடும். ஏணியில் ஏறினால் இருபது முப்பது எண்களை வாய் திறக்காமல் தாண்டிவிடலாம். நூறு கட்டம் முடிய அரை மணி நேரம்கூட ஆகும், கடைசியில் ஒரு பெரிய பாம்பு கடித்தால் அழுகை. ஐந்தரை, ஆறு வயதில் எடுங்கள். அதற்குமுன் ஆடியே ஆக வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், முப்பது கட்டத்தில் இரண்டு ஏணி, இரண்டு குட்டிப் பாம்பு போட்டு நீங்களே வரைந்து கொடுங்கள்.

பகடையை அறிமுகப்படுத்தும்போது எண் எழுதியதைவிடப் புள்ளி வைத்ததே நல்லது. முதலில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணும் பிள்ளை, சில வாரங்களில் புள்ளிகளின் அமைப்பைப் பார்த்ததுமே "ஐந்து" என்று சொல்லத் தொடங்கிவிடும்.

எழுத்துக்கு வேறு கணக்கு

எண் பலகையில் வரிசை முக்கியம். எழுத்தில் அப்படி இல்லை. இகரத்தைவிட உகரம் பெரிது என்று எதுவும் கிடையாது. அதனால் எழுத்துகளை நீளப் பலகையில் வரிசையாக எழுதிக் காய் நகர்த்தினால் பிள்ளை வரிசையை மனப்பாடம் செய்யும், எழுத்தைக் கற்காது. தனியே எடுத்துக் காட்டினால் தெரியாமல் விழிக்கும். எழுத்துக்கு ஏற்றது பொருத்தும் ஆட்டம்.

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டாம். ஆறில் தொடங்குங்கள். அந்த ஆறில் ஒன்று பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தாக இருக்கட்டும். வேறு எந்த எழுத்தின்மேலும் அந்த அளவுக்குப் பாசம் வராது. மற்ற ஐந்தும் ஒன்றுக்கொன்று தோற்றத்தில் நன்றாக விலகி நிற்க வேண்டும்: அ, இ, உ, ட, ப என்பதுபோல. க, ச, த மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் குழப்பம்தான். ண, ன ஒன்றாக வேண்டாம். எ, ஏ இரண்டுக்கும் அடியில் ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. ஒ, ஓ இரண்டுக்கும் ஒரு சுழி. இந்த இணைகளையெல்லாம் ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு மற்றதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஆளுக்கு ஓர் அட்டை. அதில் இரண்டு வரிசை, மூன்று மூன்று கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆளுக்கு ஆள் எழுத்துகளின் இடத்தை மாற்றி எழுதுங்கள். அதே எழுத்துகளைச் சிறு சீட்டுகளில், எழுத்துக்கு இரண்டு வீதம் எழுதி ஒரு பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். முறை வந்தவர் ஒரு சீட்டை எடுத்து, எழுத்தின் ஒலியைச் சொல்லி, தன் அட்டையில் அதே எழுத்தைக் கண்டுபிடித்து மேலே வைக்க வேண்டும். அந்த எழுத்து தன் அட்டையில் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சீட்டு மறுபடி பைக்குள். முதலில் அட்டையை நிரப்பியவர் வென்றார். ஒரு வாரம் போனதும் விதியை இறுக்குங்கள்: சீட்டை எடுத்தவர் எழுத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தங்கள் அட்டையில் தேட வேண்டும். உருவத்தைப் பார்த்து உருவத்தைப் பொருத்துவது எளிது. ஒலியைக் கேட்டு உருவத்தைத் தேடுவதுதான் வாசிப்புக்குப் போகும் வழி.

சின்ன விஷயம், ஆனால் பலர் கவனிப்பதில்லை: பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்களில் ஒருவருக்கு எழுத்தெல்லாம் தலைகீழ். சீட்டுகளின் அடியிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு கீழே இருந்தால் எழுத்து நேராக இருக்கிறது என்று பிள்ளை தானே திருப்பி வைத்துக்கொள்ளும். எண் சீட்டுகளில் 6, 9 இரண்டுக்கும் இந்தக் கோடு கட்டாயம் வேண்டும்.

அடுத்தது படம். எழுத்துச் சீட்டோடு படச் சீட்டைப் பொருத்தும்போது வழக்கமான அரிச்சுவடிப் படங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உகரத்துக்கு உரல், உரலைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அது ஏதோ ஒரு கல். ஔகாரத்துக்கு ஔவை, படத்தைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் "பாட்டி" என்றுதான் சொல்லும். ஆய்தத்துக்கு எஃகு என்று ஒரு கம்பியை வரைந்திருப்பார்கள், அதற்குப் பதில் "கம்பி" என்று வரும். பிள்ளை மேல் தவறே இல்லை. படத்தைப் பார்த்ததும் தயங்காமல் எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதுதான் சரியான படம். ஒவ்வொரு படத்தையும் முதலில் காட்டி "இது என்ன?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஆட்டத்தில் சேருங்கள். ஔவும் ஆய்தமும் இந்த வயதில் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சொல் சொல்லும் ஆட்டத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எழுத்துக் கட்டத்தில் காய் நின்றால் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும் என்று விதி வைப்பார்கள். வேறு மொழிப் பலகைகளைப் பார்த்து எடுத்த விதி. தமிழில் ழ, ள, ண, ன, ற ஆகியவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ட, ர, ல மூன்றும் டம்ளர், ரயில், லாரி போல வெளியிலிருந்து வந்த சொற்களில்தான் முதலில் நிற்கும். ழகரக் கட்டத்தில் நிற்கும் பிள்ளை எங்கே போகும்? நீங்களே தவித்துப்போவீர்கள். இந்த எழுத்துகளுக்கு மட்டும் விதியை மாற்றுங்கள்: சொல்லுக்குள் எங்கே வந்தாலும் சரி. பழம், கிளி, மணி, பனி, காற்று. எழுத்தின் ஒலியைச் சொல்லுக்குள்ளே தேடிப் பிடிக்கும் காது பிறகு எழுதும்போது கைகொடுக்கும். மற்ற எழுத்துகளுக்கு எந்தச் சொல்லும் ஏற்கத்தக்கது. மகரத்துக்குப் பக்கத்து வீட்டு மீனாவைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மெய்யெழுத்துகளைப் பிற்பாடு வையுங்கள். தனியாக வாசிக்கும்போது "இக்", "இம்" என்று முன்னால் ஓர் இகரத்தை ஒட்டித்தான் சொல்கிறோம். எழுதியிருப்பது எது, ஒட்டியது எது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மரம், பழம் போன்ற சொற்களை அட்டையில் பெரிதாக எழுதிவைத்து, "புள்ளி வைத்த எழுத்தைப் பிடி" என்று ஒரு பொத்தானை வைக்கச் சொல்வது போதும்.

ஐந்து வயதை ஒட்டி உயிர்மெய்க்கு வரும்போது இரண்டு சுழலிகள் செய்யலாம். ஒன்றில் க, ப, ம, ட, வ; மற்றொன்றில் குறிகள். முதலில் கால் மட்டும் இருக்கட்டும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு எல்லா எழுத்துக்கும் கால் ஒரே மாதிரிதான், விதிவிலக்கே கிடையாது. கா, பா, மா, டா, வா என்று சேர்த்து வாசிப்பது பிள்ளைக்கு மந்திரம்போல் இருக்கும். அடுத்தது கொக்கி போட்ட இகர, ஈகாரக் குறிகள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும். ஒலி பின்னால் வரும். அதற்குப் பொறுமை வேண்டும். கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருமாறும் உகர வரிசையைப் பள்ளிக்கே விட்டுவிடலாம்.

ஜோடி சேர்க்கும் நினைவாட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறு ஜோடி, அதாவது பன்னிரண்டு அட்டையில் தொடங்குங்கள். திருப்பும் ஒவ்வோர் அட்டையின் எழுத்தையும் அல்லது எண்ணையும் உரக்கச் சொல்லியே ஆக வேண்டும் என்பது மட்டும் கூடுதல் விதி. இதில் பிள்ளைகள் நம்மை நிஜமாகவே தோற்கடிப்பார்கள். விட்டுக்கொடுத்து நடிக்கத் தேவையே இருக்காது.

எவ்வளவு நேரம், யார் வெல்வது

ஓர் அமர்வு பத்து அல்லது பதினைந்து நிமிடம். "இன்னும் ஒரு ஆட்டம்" என்று பிள்ளை கேட்கும்போதே எடுத்துவைத்துவிடுவது நல்லது. மறுநாள் அதுவே கேட்டு வரும். இரண்டு பேர் ஆடுவது இந்த வயதுக்கு உகந்தது. நான்கு பேர் சேர்ந்தால் தன் முறைக்குக் காத்திருப்பதிலேயே பிள்ளை பொறுமை இழந்து பலகையைக் கவிழ்த்துவிடும். இன்னும் சிறிய தம்பி தங்கை இருந்தால் சுழலியைச் சுண்டும் பதவியைக் கொடுத்து ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விரட்டிவிட்டால் காய்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

தோற்றால் அழும் பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்கத் தேவையில்லை. சுழலி முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்பதால் பாதி ஆட்டம் பிள்ளையே வெல்லும். உங்கள் காய் பின்னால் இருக்கும்போது "அடடா, எனக்கு ஒன்றுதான் விழுந்தது, பரவாயில்லை" என்று உரக்கச் சொல்லுங்கள். தோற்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். அழுகுணி ஆட்டம் ஆடினால், அதாவது 1 விழுந்தும் இரண்டு கட்டம் தாவினால், பெரிய நீதிபோதனை வேண்டாம். "சுழலி என்ன சொன்னது?" என்று கேட்டு, காயைத் திரும்ப வைக்கச் சொன்னால் போதும். பின்னோக்கி ஒரு கட்டம் வருவதும் கணக்குதானே.

அழுகை ஓயவே இல்லையென்றால் எல்லோரும் ஒரே அணியாக ஆடும் விளையாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். 1986-இல் ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் வெளியிட்ட பழத்தோட்ட விளையாட்டு இந்த வகையில் பெயர்போனது. அதில் எல்லோரும் சேர்ந்து, காகம் வருவதற்குள் பழங்களைப் பறித்துக் கூடையில் சேர்க்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான். நம் பத்துக் கட்டப் பலகையிலும் இதைச் செய்யலாம். பலகையின் கீழே ஐந்து கட்டத்தில் ஒரு பூனைப் பாதை வரையுங்கள். சுழலியில் 1, 1, 2, பூனை என்று நான்கு பங்கு. பூனை விழும்போதெல்லாம் பூனை ஒரு கட்டம் முன்னேறும். அது ஐந்தை எட்டுவதற்குள் எல்லாருடைய காய்களும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கடையில் வாங்கும்போது

இத்தனையும் ஆடிப் பார்த்த பிறகு கடைக்குப் போனால் எதை எடுப்பது என்று கண்ணே சொல்லிவிடும். எண் கற்பிக்க வாங்குகிறீர்கள் என்றால் கட்டங்களில் எண் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற கேண்டி லேண்ட் 1949-இல் வந்தது. அதில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை, வண்ணம் மட்டும்தான். முறைக்குக் காத்திருக்கவும் வண்ணங்களை அறியவும் அருமையான ஆட்டம், எண்ணுக்கு உதவாது. எழுத்துப் பலகையென்றால் எழுத்துருவைப் பாருங்கள். அலங்கார எழுத்தில் அச்சிட்டு, ஓரத்தில் கண்ணும் வாயும் வரைந்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழையைக் கண்டால் மற்ற பக்கங்களைப் பார்க்கவே தேவையில்லை. இந்தப் பிழை தமிழ் அட்டைகளில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

பொத்தானை அழுத்தினால் எண்ணையும் எழுத்தையும் தானே சொல்லும் மின்னணுப் பலகைகளை நான் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடுகிறது. அப்புறம் பிள்ளைக்கு வேலை அழுத்துவது மட்டும்தான்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடிய பொருள். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாயைப் பயன்படுத்திப் பாருங்கள்; அதற்குள் நுழைந்து விழும் காயை, பொத்தானானாலும் பகடையானாலும், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் விடக் கூடாது. பெட்டியில் 0-3 என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்ட முகப் படம் இருந்தால் அதன் பொருளும் இதுதான். சிறிய, வலுவான காந்தம் பதித்த காய்களையும், திருகாணி போட்டு மூடாத பொத்தான் பேட்டரிப் பெட்டி உள்ள பலகைகளையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் வாங்காதீர்கள். பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோக இரண்டு மணி நேரமே போதும்; சந்தேகம் வந்த நொடியே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

வாங்கி வந்த பெட்டியில் பெரும்பாலும் ஆறு முகப் பகடைதான் இருக்கும். முதல் சில வாரம் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, உங்கள் பழைய 1, 2 சுழலியையே போட்டு ஆடுங்கள். பலகை நூறு கட்டமாக இருந்தால் இருபதுக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளால் மூடி, இருபதிலேயே வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளை வாரம் ஒரு வரிசையாக மேலே நகர்த்திக்கொண்டு போகலாம்.